ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் ஜீபி1: பற்றரியைக் குறை சொல்ல முன் ஒயிலைப் பாருங்கள்

ஜீபி1 வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் பற்றரியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை வருடம் போகும், மாற்ற எவ்வளவு முடியும், செல் மட்டும் மாற்றினால் நிற்குமா. நியாயமான கேள்விகள்தான். ஆனால் இந்தக் காரைக் கொழும்புக்குள்ளேயே வைத்து ஓட்டுகிற எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும்: பெற்றோல் மிச்சமாவதில் பற்றரிக்கு எவ்வளவு பங்கு இருக்கிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு பங்கு எஞ்சின் தலைக்குள் நடக்கிற ஒரு சின்ன வேலைக்கும் இருக்கிறது. எக்சிலேட்டரில் இருந்து கால் எடுத்தவுடன் நான்கு சிலிண்டர்களின் வால்வுகளையும் மூடி வைக்கிற வேலை அது. எப்போது மூட வேண்டும், எப்போது திறக்க வேண்டும் என்கிற நேரக் கணக்கு சரியாக இருந்தால் இந்தக் கார் தங்கம். அந்தக் கணக்கு பிசகினால் சாதாரண 1300 சிசி காரை விட மோசம், ஏனென்றால் பற்றரிப் பாரத்தையும் சேர்த்து இழுக்க வேண்டும். விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை, அநேகமான சேர்விஸ் இடங்களும் இதைப் பார்ப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். சீட், பூட், ஏசி எல்லாம் கடைசியில் கொஞ்சம் வரும்.

முதலில் காரைப் பற்றி. ஜப்பானில் 2010 ஒக்டோபரில் வந்தது. 1339 சிசி எஞ்சின், 88 குதிரைவலு, அதோடு 14 குதிரைவலு மோட்டர், 100.8 வோல்ட் நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் பற்றரி, படிகள் இல்லாமல் தானாக மாறுகிற சீவிடி கியர். சிலிண்டருக்கு இரண்டு வால்வு, இரண்டு பிளக். ஆக எட்டு பிளக், மாற்றும்போது அந்தச் செலவு தெரியும். ஹைபிரிட்டுக்கு வரி குறைத்த காலத்தில் ரீகண்டிஷனாக இங்கே வந்து குவிந்தவற்றில் இதுவும் ஒன்று. வெள்ளவத்தையில் எந்தக் குறுக்குத் தெருவுக்குள் போனாலும் ஒன்றாவது நிற்கும். இதே எஞ்சின் குடும்பம்தான் இன்சைட் ஸீஈ2-விலும் ஃபிட் ஷட்டில் ஹைபிரிட்டிலும் இருப்பது, ஆகவே கீழே சொல்வது அவற்றை வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும்.

இந்தக் காரில் மோட்டர் எஞ்சினின் கிராங்க்கோடு (பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு) நேராகப் பொருத்தப்பட்டிருக்கிறது. நடுவில் கிளட்ச் கிடையாது. டொயோட்டா அக்குவாவில் கார் ஓடும்போதே எஞ்சினை அப்படியே நிறுத்தி வைக்கலாம், பிளானட்டரி கியர் அதற்கு இடம் கொடுக்கிறது. 2013-இல் வந்த ஜீபி5-இல் கிளட்ச் எஞ்சினைப் பிரித்து விடுகிறது. ஜீபி1-இல் அந்த வசதி இல்லை. சக்கரம் சுற்றினால் எஞ்சினும் சுற்றியாக வேண்டும். சுற்றுகிற எஞ்சினில் பெற்றோலை வெட்டினாலும், காற்று வரும் வாசலான துரொட்டில் மூடிய நிலையில் பிஸ்டன் காற்றை இழுக்கக் கஷ்டப்பட்டு, இழுத்ததை மறுபடி வெளியே தள்ளி, அதிலேயே காரின் வேகம் வீணாகிப் போகும். நாம் எஞ்சின் பிரேக்கிங் என்று சொல்வது இதைத்தான். சாதாரண காரில் அது நல்லது. ஹைபிரிட்டில் அது திருட்டு, ஏனென்றால் அந்த வேகம் பற்றரிக்குப் போக வேண்டியது.

ஹொண்டா செய்தது என்னவென்றால், காலை எக்சிலேட்டரில் இருந்து எடுத்தவுடன் உள்ளே வரும் வால்வையும் வெளியே போகும் வால்வையும் நான்கு சிலிண்டரிலும் மூடி வைத்து விடுவது. உள்ளே அடைபட்ட வாயுவை பிஸ்டன் மேலே போகும்போது அழுத்தும், கீழே வரும்போது அது பிஸ்டனைத் தள்ளிக் கொடுக்கும். கொடுத்ததை வாங்கிக்கொள்ளுகிற கணக்கு, நஷ்டம் மிகக் குறைவு. எஞ்சின் இழுப்பு குறைந்ததால் மோட்டர் டைனமோவாக மாறி அதிகமாகச் சார்ஜ் எடுக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு: குளிர்ந்த காற்று, புகையைச் சுத்தம் செய்கிற கெட்டலிற்றிக் கொன்வேட்டருக்குள் போகாததால் அது சூடு ஆறாமல் இருக்கும், புகைக்கும் நல்லது. 2001-இல் வந்த முதலாவது சிவிக் ஹைபிரிட்டில் மூன்று சிலிண்டர்தான் மூடும். 2005-இல் வந்த அடுத்த சிவிக் ஹைபிரிட்டில் இருந்து நான்கும் மூடத் தொடங்கின. ஃபிட்டுக்கு வந்தது இந்த இரண்டாவது வகை.

மரைன் ட்ரைவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெள்ளவத்தையில் ஏறி கொள்ளுப்பிட்டிப் பக்கம் வரும்போது, காலை நேரத்தில் வண்டிகள் குறைவாக இருந்தால், நாற்பதில் மெதுவாகப் பிடித்துக்கொண்டு போங்கள். எக்சிலேட்டரை முழுதாக விடாமல் தொட்டும் தொடாமலும் வைத்திருந்தால் ஒரு கட்டத்தில் எஞ்சின் சத்தத்தின் தடிப்பு மட்டும் சட்டென்று மெலியும். உடனடி மைலேஜ் காட்டுகிற கோடு கடைசி வரைக்கும் போய் நிற்கும். ஆர்பிஎம் முள் மட்டும் ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே அப்படியே இருக்கும். அந்த நேரம் எஞ்சினுக்குள் ஒரு துளி பெற்றோல் எரியவில்லை, மோட்டர்தான் காரையும் வெறும் எஞ்சினையும் சேர்த்துத் தள்ளுகிறது. முள்ளைப் பார்த்து எஞ்சின் வேலை செய்கிறது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். சரியான நிலையில் இருக்கிற காரில் இந்த மாற்றம் காலுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்.

இந்த நேரக் கணக்கு ஏன் இவ்வளவு நுணுக்கம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். வால்வை அமத்துகிற ரொக்கர் ஆர்ம் இந்த எஞ்சினில் ஒரே துண்டு இல்லை, பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற துண்டுகள். ஒரு துண்டைக் கேம் (வால்வைத் திறப்பதற்காகச் சுற்றுகிற, ஒரு பக்கம் மூக்கு மாதிரி நீண்ட துண்டு) தள்ளும், இன்னொன்று வால்வைத் தள்ளும், இரண்டையும் குறுக்கே ஒரு சின்னப் பின் பூட்டி வைத்திருக்கும். கொம்பியூட்டர் சொலினொயிட்டுக்கு (மின்சாரத்தில் அசைகிற சின்னக் கருவி) கட்டளை கொடுக்க, சொலினொயிட் ஒயில் பாதையைத் திறக்க, ஒயில் பிரஷர் அந்தப் பின்னைத் தள்ளிப் பூட்டைக் கழற்றும். அதன் பிறகு கேம் தன் பாட்டில் அதன் ஆர்மை ஆட்டிக்கொண்டிருக்கும், வால்வு அசையாது.

பின் நினைத்த நேரத்தில் எல்லாம் நகராது. கேமின் மூக்குப் பகுதி ஆர்மை அமத்திக்கொண்டிருக்கும்போது பின்னின் மேல் வால்வு ஸ்பிரிங்கின் முழுப் பாரமும் இருக்கும். கேமின் வட்டமான பகுதி வரும்போதுதான் ஆர்ம்கள் நேராக வந்து பின் வழுக்கிப் போக இடம் கிடைக்கும். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. 1500 ஆர்பிஎம்மில் கேம் ஒரு சுற்று முடிக்க 80 மில்லிசெக்கன், 3000-இல் 40 மில்லிசெக்கன். அந்தச் சுற்றிலும் ஒரு பகுதிதான் பின்னுக்குக் கிடைக்கிறது. நான்கு சிலிண்டரின் கேம்களும் வேறு வேறு நேரத்தில் வட்டப் பகுதிக்கு வருவதால், ஒரே கட்டளைக்கு நான்கும் ஒரே கணத்தில் மூடுவதில்லை, ஒன்றன் பின் ஒன்றாக அதனதன் முறை வரும்போது மூடும். ஒயில் சுணங்கி வந்தால் ஒரு சிலிண்டர் இந்தச் சுற்றில் பிடிக்க வேண்டியதை அடுத்த சுற்றில் பிடிக்கும். பின் பாதி நுழைந்த நிலையில் கேம் தூக்க ஆரம்பித்தால் அது தெறித்து வெளியே வரும், டக் என்று ஒரு சத்தம், அப்படியே தொடர்ந்தால் பின்னின் ஓரம் தேயும்.

பெற்றோலையும் இதோடு பொருத்த வேண்டும். முதலில் இன்ஜெக்டரை நிறுத்தி, கடைசியாகப் போனது எரிந்து வெளியேறிய பிறகு வால்வு மூட வேண்டும். திரும்பி வரும்போது வால்வு வேலை செய்யத் தொடங்கியது உறுதியான பிறகுதான் பெற்றோல், அப்புறம் நெருப்பு. வால்வு திறக்கும் என்று நம்பி முன்கூட்டியே பெற்றோலைத் தெளித்தால் அது வாசலிலேயே தேங்கி நிற்கும், திறந்தவுடன் மொத்தமாக உள்ளே போய்க் காரைக் குலுக்கும். இந்த ஒழுங்கெல்லாம் கொம்பியூட்டருக்குள் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அது எழுதப்பட்டது ஒரு குறிப்பிட்ட தடிப்புள்ள ஒயிலை மனதில் வைத்துத்தான்.

அந்த ஒயில் 0டபிள்யூ-20, மெல்லிய ரகம். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

நகருக்குள் லீற்றருக்கு பதினாறு, பதினேழு தந்துகொண்டிருந்த கார் ஒரு சேர்விஸுக்குப் பிறகு பதின்மூன்றுக்கு இறங்கியது. அதோடு கால் எடுக்கும்போதும் திரும்ப மிதிக்கும்போதும் ஒரு சின்ன உதறல். காலி வீதியில் 100 இலக்க பஸ் ஒன்று குறுக்கே வந்து நிறுத்த, கால் எடுத்து, உடனே விலகி மிதிக்கிற மாதிரி நேரங்களில்தான் நன்றாகத் தெரியும். சேர்விஸ் செய்த இடத்தில் கேட்டால், பற்றரி பழசு, மாற்றினால் சரி என்றார்கள், விலையும் சொன்னார்கள். கொஞ்ச நாளில் எஞ்சின் லைட் பற்றியது. வீட்டுக்கு வந்து பில்லை எடுத்துப் பார்த்தால் 20டபிள்யூ-50 ஊற்றியிருக்கிறார்கள். பழைய கார், வெயில் ஊர், தடித்த ஒயில்தான் நல்லது என்று அவர்களாகவே தீர்மானித்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். சூடான எஞ்சினில், அதாவது நூறு பாகை செல்சியஸில், கடைசியில் 20 என்று வருகிற ரகத்தின் தடிப்பு 6.9-க்கும் 9.3-க்கும் இடையில் இருக்க வேண்டும், கடைசியில் 50 என்று வருகிற ரகம் 16.3-க்கும் 21.9-க்கும் இடையில். சென்டிஸ்டோக்ஸ் என்கிற அளவு. குறைந்தது முக்கால் மடங்கு கூட, பெரும்பாலும் இரண்டு மடங்கு தடிப்பு. இதை ஊசி முனை மாதிரி இருக்கிற பாதைகளுக்குள் தள்ளி, சில மில்லிசெக்கனில் ஒரு பின்னை நகர்த்து என்றால் அது என்ன செய்யும்?

நண்பர் ஒருவர் சொல்லி மாளிகாவத்தைப் பக்கம் ஒரு சின்னக் கராஜுக்குப் போனேன். போர்ட் இல்லை, இரண்டு கார் நிற்கிற இடம். அங்கே இருந்த நானா எதையும் கழற்றவில்லை. ஸ்கேனரைப் பூட்டினார், பி3400 என்று கோட் வந்தது. சிலிண்டர்களை மூடுகிற முறையில் பிழை என்பதற்கான பொதுவான கோட் அது. வேறு இடமாக இருந்தால் அதை அழித்து விட்டுக் காசு வாங்கியிருப்பார்கள். இவர் பக்கத்து சீட்டில் ஏறி, ஓட்டச் சொல்லி, லைவ் டேற்றாவைத் திறந்து வைத்தார். பேஸ்லைன் வீதியில் ஏறி வேகம் எடுத்து, அவர் சொல்லும்போது கால் எடுக்க வேண்டும். திரையில் இரண்டு வரி: ஒன்று கொம்பியூட்டர் சொலினொயிட்டுக்குக் கொடுக்கிற கட்டளை, மற்றது ஒயில் வந்து சேர்ந்தது என்று பிரஷர் சுவிட்ச் சொல்கிற பதில். மேல் வரி மாறும், கீழ் வரி மாறாமல் நிற்கும். நின்று, நின்று, பிறகு மாறும், சில நேரம் மாறாமலே போகும்.

“கொம்பியூட்டர் மூடச் சொல்லுது, ஒயில் வந்து சேரல்ல தம்பி. அது வர முன்னுக்கு நீங்க திரும்ப மிதிச்சிடுறீங்க. யாரு இந்த ஒயில ஊத்தின?”

சொன்னேன். அவர் யாரையும் திட்டவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். “இதுக்குத் தண்ணி மாதிரி ஒயில்தான் போடணும். பற்றரிய நாங்க பிறகு பாப்பம்.”

திரும்பி வந்து சொலினொயிட்டோடு இருக்கிற, ஒயில் பாதையைத் திறந்து மூடுகிற ஸ்பூல் வால்வைக் கழற்றிக் காட்டினார். அதன் அடியில் சுண்டு விரல் நகத்தளவு ஒரு வலை இருக்கிறது, ஒயிலில் வருகிற தூசியைத் தடுப்பதற்கு. அந்த வலையின் பாதிக்கு மேல் கறுப்புப் பசை. விரலில் தொட்டுத் தேய்த்தால் அரைபட்ட கரி மாதிரி இல்லை, வழுவழு என்று இருந்தது, பழைய ஒயில் இறுகினது. சுற்றி இருந்த ரப்பர் வளையம் தட்டையாகி, நகத்தால் அமத்தினால் தழும்பு விழாத அளவுக்குக் கட்டியாகியிருந்தது. புது சொலினொயிட் வாங்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பன்னிரண்டு வோல்ட் கொடுத்துப் பார்த்தார், டிக் டிக் என்று சுத்தமாக அடித்தது, இது நல்லம், வலையும் வளையமும்தான் என்றார். பஞ்சிகாவத்தையில் இருந்து வளையம் வந்தது, வலை கழுவப்பட்டது, பழைய ஒயிலை இறக்கி, ஃபில்டர் மாற்றி, சீல் உடையாத டின்னில் இருந்து 0டபிள்யூ-20 என் கண் முன்னால் ஊற்றினார். ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி ஒருமுறை மாற்றச் சொன்னார், ஏனென்றால் மெல்லிய ஒயில் உள்ளே ஒட்டியிருக்கிற பழைய பசையைக் கரைத்துக்கொண்டு வரும், அது மறுபடி அதே வலையில் போய் அடைக்கும்.

திரும்ப பேஸ்லைன் வீதி. மேல் வரி மாற, கீழ் வரியும் கூடவே மாறியது. உதறல் இல்லை. மைலேஜ் பழைய இடத்துக்கு வர இன்னும் கொஞ்சம் நாள் எடுத்தது, ஆனால் வந்தது. பற்றரி அதே பற்றரிதான். சேர்விஸ் இடத்தில் சொன்ன பற்றரி விலையோடு ஒப்பிட்டால் நானா வாங்கிய காசு ஒன்றுமே இல்லை.

இந்த நேரக் கணக்கில் தடுக்கி விழுந்த பெரிய கம்பனிகளும் உண்டு. 1981-இல் அமெரிக்காவில் கடிலாக் எட்டு சிலிண்டர் எஞ்சினை ஆறாகவும் நாலாகவும் மாற்றுகிற ஒன்றை விட்டது. எண்ணம் நல்லதுதான், அந்தக் காலக் கொம்பியூட்டருக்கு வேகம் போதவில்லை. மாறும்போது கார் குலுங்கியது, நிறையப் பேர் அந்த வயரையே கழற்றி எட்டிலேயே ஓட்டினார்கள், கடிலாக்கும் அடுத்த வருடமே பெரும்பாலான மொடல்களில் இருந்து அதை எடுத்து விட்டது. வால்வை மூடுவது கஷ்டமில்லை, அதை ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் மூடுவதுதான் கஷ்டம்.

அதே வேலையை இன்று எப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு ஃபொக்ஸ்வாகனின் 1.4 டிஎஸ்ஐ ஏசிடி எஞ்சின் நல்ல உதாரணம். நண்பர் ஒருவரிடம் கோல்ஃப் இருக்கிறது, ஓட்டிப் பார்த்தேன். அதில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்கள் மட்டும் மூடும், மற்ற இரண்டும் எரிந்துகொண்டே இருக்கும், ஆகவே கால் வைத்திருக்கும்போதே, பாரம் குறைவாக இருந்தால், பாதி எஞ்சினில் ஓடலாம். 1400-க்கும் 4000-க்கும் இடைப்பட்ட ஆர்பிஎம்மில்தான் அது நடக்கும். அங்கே ஒயில் பிரஷரை நம்பவே இல்லை. கேம்ஷாஃப்டின் மேல் ஒரு உறை, அந்த உறையில் சுருளாக ஒரு வெட்டு, மின்சாரத்தில் ஒரு பின் இறங்கி அந்த வெட்டில் நுழைய, கேம் சுற்றுகிற சுற்றிலேயே உறை பக்கவாட்டில் நகர்ந்து, வால்வைத் தள்ளாத வட்டக் கேம் மேலே வந்து விடும். கேமின் அரைச் சுற்றுக்குள் வேலை முடிகிறது, ஆர்பிஎம்மைப் பொறுத்து 13-இல் இருந்து 36 மில்லிசெக்கனுக்குள். சுணங்கவே வழியில்லை, ஏனென்றால் நேரத்தைக் கேமே அளந்து கொடுக்கிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் ஹொண்டாவை விட அழகான வேலை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் ஏதாவது போனால் மாளிகாவத்தையில் வளையம் மாற்றிச் சரிசெய்கிற கதை நடக்காது. நம் ஊரில் வைத்து ஓட்ட எனக்கு ஃபிட்தான்.

இணையத்தில் தேடுகிறவர்கள் ஹொண்டாவின் வி6 எஞ்சின்களில் இதே மாதிரி சிலிண்டர் மூடுவதால் ஒயில் குடிக்கிறது, பிளக் கரி பிடிக்கிறது என்று படித்துப் பயப்படுகிறார்கள். அது உண்மையான பிரச்சினைதான், அமெரிக்காவில் 2013-இல் வழக்கும் தீர்க்கப்பட்டது, அதை முடக்குகிற சின்னக் கருவிகள் கூட அங்கே விற்கிறார்கள். ஆனால் அந்த எஞ்சினில் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகச் சில சிலிண்டர்கள் சும்மா இருக்க மற்றவை எரிகின்றன. நம் ஃபிட்டில் மூடினால் நான்கும் மூடும், அதுவும் கால் எடுத்த நேரத்திலும் மெதுவாக உருளுகிற நேரத்திலும் மட்டும். தயவுசெய்து யாராவது சொன்னார் என்று ஃபிட்டில் இதை முடக்கி விடாதீர்கள். முடக்கினால் இந்தக் காரை வாங்கியதற்கே அர்த்தமில்லை.

அதிவேக நெடுஞ்சாலையில் இந்த வேலையின் பலன் குறைவு. கொட்டாவையில் ஏறி நூறில் பிடித்தால் எஞ்சின் இடைவிடாமல் இழுக்க வேண்டும், மூட நேரமே இல்லை, மைலேஜ் ஒரு நல்ல சாதாரண காரைப் போலத்தான். கொழும்புக்குள்ளே, பொரளையில் இருந்து மருதானைக்கும் பம்பலப்பிட்டியில் இருந்து தெகிவளைக்கும் எட்டு இடத்தில் நின்று போகிற ஓட்டத்துக்குத்தான் இது செய்யப்பட்டது மாதிரி இருக்கிறது. 2022-இல் பெற்றோல் லீற்றர் 450 ரூபா, கியூஆர் கோட்டில் கிழமைக்கு 20 லீற்றர் என்று இருந்த நாட்களில், சிக்னலை தூரத்தில் கண்டவுடனே கால் எடுத்து உருட்டிப் பழகினேன். பிரேக்கைக் கடைசியில் மிதிப்பதை விட, முன்கூட்டியே கால் எடுத்தால் வால்வு மூடி இருக்கிற நேரம் நீளும், அந்த நீளம் முழுக்க சார்ஜ் ஏறும். பின்னால் வருகிற முச்சக்கரவண்டி ஹோர்ன் அடிக்கும், பரவாயில்லை.

மற்ற விஷயங்கள். பற்றரி பூட்டின் தரைக்கு அடியில் இருப்பதால் பின் சீட்டைத் தட்டையாக மடிக்கலாம், ஃபிட்டின் அந்தப் பெரிய வசதி போகவில்லை. ஏசிதான் கொஞ்சம் குறை: கொம்பிரெஸர் எஞ்சின் பெல்ட்டில் ஓடுவதால் சிக்னலில் எஞ்சின் நின்றால் குளிர்ச்சியும் குறையும், ஏப்ரல் வெயிலில் சில நிமிடத்தில் தெரியும், பிறகு எஞ்சின் தானாகவே ஸ்டார்ட் ஆகும். பெற்றோல் மிச்சம் பிடிக்கிற எக்கொன் பட்டனை எடுத்து விட்டால் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும். சஸ்பென்ஷன் இறுக்கம், குழி விழுந்த தெருவில் முதுகுக்குத் தெரியும். நின்ற இடத்தில் இருந்து கிளம்பும்போது வருகிற நடுக்கம் பெரும்பாலும் சீவிடி பக்கம், மேலே சொன்ன உதறலோடு அதைக் குழப்ப வேண்டாம். இது கால் எடுக்கும்போதும் திரும்ப வைக்கும்போதும் மட்டும் வருவது.

வாங்கப் போகிறவர்கள் பற்றரி டெஸ்ட் கட்டாயம் செய்யுங்கள், அதை யாரும் சொல்வார்கள். அதோடு ஒயில் மூடியைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். தேன் நிறத்தில் படிந்திருந்தால் பயமில்லை, கறுப்புப் பசை திட்டுத் திட்டாக இருந்தால் அந்த வலையும் அப்படித்தான் இருக்கும். கடைசியாகச் செய்த சேர்விஸ் பில்லைக் கேளுங்கள், என்ன ஒயில் என்று அதில் எழுதியிருக்கும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஓட்டுங்கள், குளிர்ந்த எஞ்சினில் கொம்பியூட்டரே வால்வை மூட விடாது, ஆகவே வாசலில் நிற்கிற காரை எடுத்து இரண்டு தெரு சுற்றினால் எதுவும் தெரிய வராது. ஐம்பதில் போய்க் கால் எடுங்கள், நாலு எண்ணுங்கள், மெதுவாகத் திரும்ப மிதியுங்கள், இதைப் பல தரம் செய்யுங்கள். காலுக்கு ஏதாவது தட்டுப்பட்டால் ஸ்கேனரோடு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இரண்டு வரிகளையும் பாருங்கள். கோட் இல்லை என்று விற்கிறவர் சொன்னால் போதாது, முதல் நாள் அழித்திருந்தாலும் கோட் இல்லைத்தான். பி3400 வந்து, ஒயிலும் தடித்ததாக இருந்தால் அது விட்டு விட்டு ஓடிப்போக வேண்டிய கார் இல்லை, பேரம் பேச வேண்டிய கார்: வலை, வளையம், இரண்டு தரம் ஒயில் மாற்றுகிற காசை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ஆனால் 0டபிள்யூ-20 இருந்தும், வலை சுத்தமாக இருந்தும், சூடான எஞ்சினில் டக் டக் சத்தம் நிற்காமல் கேட்டால் பின் தேய்ந்திருக்கலாம், அப்படியானால் ஹெட் மூடியைக் கழற்ற வேண்டி வரும். அந்தக் காரை விட்டு விட்டு அடுத்ததைப் பாருங்கள், கொழும்பில் ஜீபி1-க்குப் பஞ்சமில்லை.